காந்த ரயிலில் இரத்தினவேல்

மனிதரைக் குப்புறக் கிடத்தும் தண்டனையைக் கண்டுபிடித்தவர் ஒரு கண் டாக்டராகத்தான் இருக்கவேண்டும். என் வலக்கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அதை ஒட்டவைப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். முகத்தைக் கீழே வைத்துக்கொண்டே இருக்கவேண்டும், குமிழி கரையும்வரை விமானம் ஏறவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏறினால் மேலே போகப் போகக் குமிழி பெருத்துக் கண் போய்விடுமாம். அப்படித்தான் ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள வெஸ்ட்லியில் எங்கள் மாடிவீட்டு வரவேற்பறையில், கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டபடி நான் கிடந்தேன். என் ஒரே பிள்ளை கம்சிகாவுக்கு மறுநாள் காலை தோக்கியோவில் கலியாணம்.

நான் போகமுடியாது என்று ஆனபின் மிச்சமிருந்தவர் அவளுடைய அப்பா. பிரச்சினையே அதுதான்.

என் கணவர் இரத்தினவேல் ஒஸ்லோவில் டிராம் ஓட்டுகிறவர். நல்ல மனுசன். ஆனால் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார், அதைத் திறக்க வைக்க எந்தச் சாவியும் கிடையாது. மாப்பிள்ளை ராகவன் மதுரைக்காரப் பையன், தோக்கியோவில் கணினி வேலை. "எங்கடை ஆக்கள் இல்லை, அவையின்ரை முறை வேறை, எங்கடை முறை வேறை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். அது வெளியே காட்டுவதற்கான காரணம். உள்ளே இருந்த காரணம் எனக்குத் தெரியும். கம்சிகா தன் கலியாணத் தேதியைப் போனில் குடும்பக் குழுவில் போட்டாள். மாமிமார், மச்சாள்மார், கனடாச் சித்தப்பா எல்லோருக்கும் போன அதே செய்திதான் அப்பாவுக்கும் போனது. அவர் வேலைக்கு நடுவே தேநீர் குடிக்க இறங்கிப் போனைத் திறந்தபோது, ஊர் முழுக்க வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தது.

அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. கலியாணத்துக்குப் போவதில்லை என்றார். என் கண் இப்படியானபிறகு நான் எவ்வளவு சொல்லியும் மனுசன் அசையவில்லை. கம்சிகாவிடம், தாரை வார்க்க வேறு யாரையாவது நிறுத்துவோமா, ராகவன் வீட்டாருக்குத் தெரிந்த பெரியவர் யாராவது இருப்பார்களே என்று கேட்டேன். அப்பா நிற்கவேண்டிய இடத்தில் அப்பா இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்றாள். அவளும் அவருடைய பிள்ளைதானே.

பிறகு ஒருநாள் பின்னேரம் மனுசன் தானாகவே மடிக்கணினியை மடியில் வைத்து டிக்கெட் எடுத்தார். என்னிடம் காட்டவில்லை. காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை. கேட்டு அவர் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? ஷாங்காயில் இறங்கி மாறவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

கேட்காமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயணம் வெளிக்கிடும் ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். கேட்டால் போகும் காரியம் கெட்டுவிடும். மிஞ்சிமிஞ்சிப் போனால் "தூரமோ?" என்று கேட்கலாம். மற்றவர்கள் இதையெல்லாம் ஒஸ்லோவுக்கு வந்தபின் அரைவாசி மறந்துவிட்டார்கள். என்னுடையவர் மறக்கவில்லை. ஒருதடவை பக்கத்து நகரமான திராமனில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு வேட்டி சால்வையோடு வெளிக்கிட்டு லிஃப்டில் இறங்கும்போது, கீழ்மாடிப் பையன் பாவம் மரியாதைக்காக "எங்கை அங்கிள்?" என்று கேட்டுவிட்டான். மனுசன் அப்படியே மேலே வந்து, சப்பாத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிட்டார். போகவே இல்லை. அந்தத் திராமன் குடும்பம் இன்றுவரை எங்களோடு முகம் கொடுப்பதில்லை.

அதனால் அவர் புறப்படும் நாளில் நான் படுத்த படுக்கையிலேயே கட்டடத்திலுள்ள தமிழருக்கெல்லாம் போன் செய்து, தயவுசெய்து ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் இரண்டு பெட்டியோடு லிஃப்டில் இறங்கி, ஐந்தாம் இலக்க மெட்ரோ ஏறி, ஒரு கேள்வியும் இல்லாமல் விமான நிலையம் போய்ச் சேர்ந்தார். நான் கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை, பால்தேநீரை உறிஞ்சுகுழாயால் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷாங்காயில் அப்போது பின்னேரம் ஆகத் தொடங்கியிருந்தது.

"விமலா, நான் புடொங்கிலை நிக்கிறன். தோக்கியோ பிளேன் இஞ்சை இருந்து போகாதாம். இன்னொரு எயாப்போட் இருக்காம், ஹொங்சியாவோ எண்டு. ஊரின்ரை மற்றப் பக்கம்."

டிக்கெட் எடுக்கும்போது ஷாங்காயில் இறங்கி ஷாங்காயில் ஏறுவது என்றுதான் பார்த்திருக்கிறார். ஒரு நகரத்துக்கு இரண்டு விமான நிலையம் இருக்கும் என்று யார் கண்டது? ஒரு ஆளாவது டிக்கெட்டைப் பார்த்து எங்கிருந்து எங்கே என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. கேட்கவிடாமல் காவல் இருந்தவள் நான்.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது அந்தப் பிழை அல்ல, அவருடைய குரல். பிழை விட்ட மனுசனின் பதட்டம் அதில் இல்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த ஆறுதல் இருந்தது. "என்ன செய்யிறது விமலா, அமைப்பு அப்பிடி" என்று விதியின்மேல் பழியைப் போட்டார். பிறகு மெதுவாக, ஒஸ்லோவுக்குத் திரும்பும் வழியில் ஒரு விமானத்தில் இன்று இடம் இருக்கிறதாம், கவுண்டரில் விசாரித்தாராம் என்றார். தோக்கியோ விமானத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. வந்து இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பிப் போவதைத்தான் விசாரித்திருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்ற எயாப்போட்டுக்குப் போகிற ஏதாவதொன்றில் ஏறுங்கோ என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

கம்சிகாவிடம் சொல்ல மனம் வரவில்லை. ராகவனை அழைத்தேன். அந்தப் பிள்ளையோடு நான் அதற்குமுன் அதிகம் கதைத்ததில்லை. நான் கதைப்பது அவனுக்குப் பாதி விளங்காது, அவன் கதைப்பது எனக்குத் தொலைக்காட்சித் தொடர் கேட்பதுபோல இருக்கும். ஆனாலும் அன்று அவன் நிதானமாகச் சொன்னான்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. புடொங்லருந்து ஹொங்சியாவோவுக்கு நேரா ஒரு ட்ரெயின் இருக்கு. இல்லன்னா மெட்ரோ ரெண்டாம் லைன், ஊருக்கு நடுவுல போகும். பஸ்ஸும் இருக்கு. காந்த ரயில்ல மட்டும் ஏற வேணாம்னு சொல்லுங்க. ரொம்ப வேகம், ஆனா பாதி வழியில லோங்யாங் ரோட்டோட நின்னுடும்."

தானே அங்கிளுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டான். வேண்டாம் தம்பி என்றேன். என் மனுசனின் கோபத்துக்கு அது எண்ணெய் வார்ப்பதாகிவிடும். கம்சிகாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்றும் சொன்னேன். வழியையெல்லாம் எழுதி அவருக்கு நான் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

எங்கள் இரண்டு பேரின் போனிலும் மற்றவர் எங்கே நிற்கிறார் என்று வரைபடத்தில் காட்டும் வசதியைக் கம்சிகா எப்போதோ போட்டுவைத்திருந்தாள். போனை நிலத்தில் வைத்து, நல்ல கண்ணால் மேலிருந்து பார்த்தேன். கடற்கரையோரம் பெரிய விமான நிலையம், அதற்குள் அவருடைய நீலப் புள்ளி. அசையவில்லை. நான் பார்த்தேன், கண்ணை மூடினேன், திரும்பப் பார்த்தேன். கழுத்து வலித்தது. புரளவும் முடியாது, எழும்பி நடக்கவும் முடியாது. கோபம் வந்தால் குசினிக்குள் போய்ப் பாத்திரத்தையாவது தட்டிவைக்கிற பெண் நான். அன்று தட்டிவைக்கவும் ஒன்றும் இல்லை.

திடீரென்று புள்ளி ஓடியது. ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். வரைபடத்தை அது தாண்டித் தாண்டிப் போனது. வேண்டாம் என்று சொன்ன அந்தக் காந்த ரயிலில்தான் ஏறியிருக்கிறார். பரவாயில்லை, போகிறாரே என்று மகிழ்ந்தேன். லோங்யாங் வீதியில் புள்ளி நின்றது. இனி மெட்ரோவுக்கு மாறுவார் என்று காத்திருந்தேன்.

புள்ளி வந்த வழியே திரும்பி ஓடியது. மறுபடியும் புடொங்.

"திரும்பி வாறார்" என்று வாய்விட்டே சொன்னேன். என் கண்ணுக்குச் சொட்டுமருந்து விடுவதற்காகத் தினமும் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பக்கமிருந்து வரும் மேரியம்மா அப்போதுதான் கதவைத் திறந்து உள்ளே வந்தா. கதையைச் சொன்னேன். அவ தன் பங்குக்கு முழங்காலில் இருந்து போனைப் பார்த்தா. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி மறுபடி லோங்யாங் வீதிக்கு ஓடியது. கொஞ்சநேரம் நின்றது. மறுபடி புடொங்குக்குத் திரும்பியது.

"என்ன, உங்கடை மனுசன் ஊஞ்சல் ஆடுறாரோ?" என்றா மேரியம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் வழி தெரியாமல் தவிக்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஒரு முனையில் திரும்பிப் போகும் விமானம் நிற்கிறது, மறுமுனையில் மகளிடம் போகும் மெட்ரோ நிற்கிறது. இரண்டிலும் ஏறாமல், வாழ்க்கையெல்லாம் டிராமை இரண்டு முனைக்கு நடுவே ஓட்டிய பழக்கத்தில், இரண்டு பெட்டியோடு போய்வந்துகொண்டிருக்கிறார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை ஆடினால் தோக்கியோ விமானம் போய்விடும். பிறகு அவரை யாரும் குறைசொல்ல முடியாது. நான் வெளிக்கிட்டனான், பிளேன் தவறிப்போச்சு என்று ஆயுள் முழுக்கச் சொல்லலாம்.

அவருக்குப் போன் எடுத்தேன். ரயிலுக்குள் இருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவேண்டிய கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அதை எப்படிக் கேட்பேன்? கேட்ட அடுத்த நிமிடமே பயணத்தை முறித்துவிட அவருக்கு நியாயம் கிடைத்துவிடும், அதுவும் என் வாயால். அதனால் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். பெட்டிகள் பத்திரமா என்றேன். அதற்கும் ஓம். பிறகு அவராகவே, இந்த ரயில் தண்டவாளத்தைத் தொடாமல் ஓடுகிறது, குலுக்கமே இல்லை, நானும் இத்தனை வருசம் இரும்பில் உரசித்தானே ஓட்டினேன் என்றார். அந்தக் குரலில் இருந்த தனிமையைக் கேட்டு எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதியோடு போனை வைத்தேன்.

"நீங்கள் கேக்கேலாது எண்டால் கேக்கவேண்டியவளைக் கேக்கச் சொல்லுங்கோவன்" என்றா மேரியம்மா, மருந்துப் போத்தலை மூடியபடி.

கம்சிகாவை அழைத்தேன். கைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ராகவனின் அம்மா வனஜா யாருக்கோ பூ அளந்து கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்பா புறப்பட்டு வந்ததை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. கடைசி நேரத்தில் வராமல் விட்டால் பிள்ளை உடைந்துவிடுவாள் என்று மறைத்திருந்தேன். இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஷாங்காய் வரை வந்துவிட்டார், அங்கே போவதும் வருவதுமாக இருக்கிறார், தோக்கியோ விமானத்துக்கு நேரம் நெருங்குகிறது.

தானே அப்பாவுக்குப் போன் எடுப்பதாகச் சொன்னாள். எதையும் கதை, ஆனால் எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றேன். "ஸ்லாப் அவ், அம்மா" என்று நோர்வேஜிய மொழியில் அடக்கினாள், பதறாதே என்று. பதறாமல் என்ன செய்வது? இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த வழக்கத்தின் பாரம் தெரியாது.

சற்று நேரத்தில் என் போன் மறுபடி அடித்தது. கம்சிகா என்னையும் சேர்த்து மூன்று பேருக்குமான அழைப்பைப் போட்டிருந்தாள். வரைபடத்தில் புள்ளி லோங்யாங் வீதியில் நின்றது. சனங்களின் காலடிச் சத்தமும், சீன மொழியில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப எதையோ அறிவிப்பதும் கேட்டது.

"அப்பா" என்றாள் கம்சிகா. "எங்கை போறியள்?"

நான் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டேன். மேரியம்மா சிலுவை போட்டுக்கொண்டா. மறுமுனையில் பெட்டிச் சில்லுகள் உருளும் சத்தம் நின்றது. முடிந்தது, திரும்பப் போகிறார் என்றே நினைத்தேன்.

"இப்பதான் கேக்கிறாய்" என்றார்.

"ஓம் அப்பா. இப்பதான் கேக்கிறன்."

"எல்லாருக்கும் போட்ட மெசேஜிலை நானும் ஒருத்தன்."

"பயமா இருந்தது. கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

"வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "ஒரு கிழமை சொல்லியிருப்பன். பிறகு ஓம் எண்டிருப்பன். அந்த ஒரு கிழமையை எனக்கு நீ தரேல்லைப் பிள்ளை."

கம்சிகா அழுதாள். மருதாணிக் கையோடு கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அவள் நிற்பது எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு என்ரை கையை ராகவனிட்டை ஆர் குடுக்கிறது? நீங்கள் குடுப்பியளோ?" என்று கேட்டாள். அவள் அவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்டதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன் என்றுகூடத் தோன்றியது. சிறு வயதிலிருந்தே எங்களிடம் அறிவித்துத்தான் பழக்கம் அவளுக்கு. பள்ளிச் சுற்றுலா, படிப்பு, ஜப்பான், எல்லாமே அறிவிப்புத்தான்.

அந்தச் சீனப் பெண் மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

"இதிலை இருந்து எந்தப் பக்கம் போற ரயில் எடுக்கவேணும்?" என்றார் கடைசியில்.

ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து ஒருவரிடமும் வழி கேட்காத மனுசன். ராகவன் எங்கிருந்தோ ஓடிவந்து போனை வாங்கினான். ரெண்டாம் லைன், மேற்குப் பக்கம், ஹொங்சியாவோ ரெண்டாம் டெர்மினல்ல இறங்கிப் பத்தாம் லைன்ல ஒரே ஒரு ஸ்டாப், ஒண்ணாம் டெர்மினல் என்றான். மனுசன் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, "சரி தம்பி" என்றார். தம்பி என்று அவனை அவர் அழைத்தது அதுதான் முதல்தடவை.

புள்ளி மெட்ரோவுக்குள் இறங்கி மேற்கே போகத் தொடங்கியது. காந்த ரயிலில் பறந்த ஆள் இப்போது ஆமையாக ஊர்ந்தார். ஆற்றுக்குக் கீழே போனபோது புள்ளி சிறிதுநேரம் காணாமல் போனது. அதற்குள் மேரியம்மாவின் கையை நான் நசுக்கிவிட்டேன். திரும்பத் தெரிந்தது. நகரத்தின் நடு. நிறுத்தம், மறுபடி நிறுத்தம், அந்த ஊரில் இத்தனை பேர் ஏறி இறங்கவேண்டுமா? ஏறுகிற ஒவ்வொருவரையும் ஒஸ்லோவிலிருந்து திட்டினேன். ஹொங்சியாவோ வந்தது. பத்தாம் இலக்கத்துக்கு மாறினார். புள்ளி கட்டடத்துக்குள் நுழைந்து நின்றது. விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதா, கவுண்டர் மூடிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. போன் எடுத்துக் கேட்கப் பயமாக இருந்தது. மேரியம்மா சூப் கொண்டுவந்தா. குடிக்கவில்லை.

கடைசியில் அவரே எடுத்தார். மூச்சிரைத்தது.

"விமலா, ஏறப்போறன். மூடுற நேரத்திலைதான் போய் நிண்டனான். கவுண்டரிலை இருந்த பிள்ளை எங்கை போறியள் எண்டு கேட்டாள். மகளின்ரை கலியாணத்துக்கு எண்டு சொன்னன். அவள் கேட்டது எந்த ஊருக்கு எண்டுதான்."

நான் சிரித்தேன். விமானம் ஏறக் காத்திருந்த இடத்தில் பக்கத்து இருக்கைச் சீனக் கிழவருக்கும் சொன்னாராம். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லையாம், ஆனாலும் எழும்பிக் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். பின்னால் ஆட்கள் வரிசைக்கு நகரும் சத்தம் கேட்டது.

"ஒண்டு கேக்கவேணும் உன்னை" என்றார். "நாளைக்குப் பிள்ளையின்ரை கையை நான் பிடிச்சுக் குடுக்கேக்கை, தண்ணி ஊத்துறது நீயெல்லோ. உன்ரை இடத்திலை ஆர் ஊத்துறது?"

கண் கெட்ட நாளிலிருந்து அவரை எப்படி அனுப்புவது என்பதிலேயே என் மூச்சு முழுக்கப் போயிருந்தது. என் இடம் என்று ஒன்று அங்கே காலியாக இருப்பதை நான் நினைக்கவே இல்லை. வனஜாவை ஊற்றச் சொல்லலாம். நல்ல மனுசிதான். ஆனால் வாய் வரவில்லை.

"நீங்களே ஊத்துங்கோ" என்றேன். "ஒரு கையாலை பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை ஊத்துங்கோ. மெல்லமா ஊத்துங்கோ, சேலையிலை படாமல்."

ஓம் என்றார். போன் நின்றது. வரைபடத்தில் புள்ளி சாம்பல் நிறமாகியது.

பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கண்ணுக்குக் கூடாது, அழவேண்டாம் என்று மேரியம்மா என் முதுகைத் தடவினா. குப்புறக் கிடந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேரே கீழே விழும். என் பிள்ளையின் கையில் நான் ஊற்றவேண்டிய தண்ணீரை நினைத்து நினைத்து அழுதேன். நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேரியம்மாவும் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு அழத் தொடங்கினா.